அத்தியாயம் 7: பெரிய கடையில் பழைய துப்பாக்கி, நியாய விலையில்

பெரிய கடையின் விலைச்சீட்டைப் பார்த்ததும் அதுவே கடைசி விலை என்று நினைப்பது நம் வழக்கம். பெட்டி பிரிக்காத புதுப் பொருளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பழைய துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒரே மாடலில் ஒரே ஆண்டு செய்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று எண்ணெய் போட்டு அலமாரியில் பூட்டியிருந்திருக்கும், மற்றது முப்பது மழைக்காலம் காட்டில் நனைந்திருக்கும். சீட்டில் உள்ள தொகை, அந்தக் கடையில் ஒருவர் அன்றைக்குப் போட்ட மதிப்பீடு. அதைச் சரிபார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

அமெரிக்காவில் குடியேறி, மான் வேட்டையோ களிமண் தட்டு சுடும் விளையாட்டோ பழகத் தொடங்கியவர்களுக்காக இந்த அத்தியாயம். கபேலாஸ், பாஸ் புரோ ஷாப்ஸ், ஷீல்ஸ் போன்ற சங்கிலிக் கடைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கபேலாஸ் 1961இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடங்கியது. 2017இல் மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட பாஸ் புரோ அதை வாங்கியது. பழைய, சேகரிப்பு மதிப்புள்ள துப்பாக்கிகளுக்காகக் கபேலாஸ் வைத்திருக்கும் தனிப் பிரிவுக்கு ‘கன் லைப்ரரி’ என்று பெயர். வால்மார்ட்டில் வேட்டைத் துப்பாக்கி கிடைக்கும், ஆனால் பழையது கிடைக்காது.

முதலில், நீங்கள் வாங்கலாமா?

விலை பேசுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள், ஷாட்கன் வாங்க 18 வயதும், கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு கட்டாயம்.

நம்மவர் பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் ஒரு சிறு பிழைகூட விசாவையே பறித்துவிடும் விஷயம் இது. எனவே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் யாரும் இறங்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. கார்டும், தற்போதைய முகவரியுள்ள மாநில அடையாள அட்டையும் கொண்டு போக வேண்டும்.

“எனக்கு விசா சிக்கல், உன் பெயரில் வாங்கிக் கொடு, பணம் தருகிறேன்” என்று நண்பர் கேட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வாங்கத் தடையுள்ள ஒருவருக்காகத் தெரிந்தே தன் பெயரில் வாங்குவதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கடை எப்படி விலை வைக்கிறது?

பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் கடைக்கு வருகின்றன. ஒருவர் புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்கிறார். அல்லது தாத்தா காலமானபின் குடும்பம் அவருடைய துப்பாக்கிகளைக் கொண்டுவந்து விற்கிறது. கடையின் மதிப்பீட்டாளர் சந்தை விலையைப் பார்த்து, அதிலிருந்து கடையின் லாபத்தையும் செலவையும் கழித்து, மிச்சத்தைக் கொடுத்து வாங்குகிறார். ஆகவே வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே கணிசமான இடைவெளி இருக்கும். பேரத்துக்கான இடம் அதுதான்.

ஆயிரக்கணக்கான மாடல்கள் கடந்துபோகும் இடத்தில் மதிப்பீடு இரண்டு பக்கமும் தவறும். சாதாரணத் துப்பாக்கிக்கு அபூர்வ விலை போட்டிருப்பார்கள், அபூர்வமானதைச் சாதாரண விலையில் நிறுத்தியிருப்பார்கள். முன்னதில் பேரம் பேசுங்கள். பின்னதில் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

நாள்பட்டுக் கிடக்கும் சரக்கு கடைக்குச் சுமை. பல மாதம் நகராத துப்பாக்கிக்கு மேலாளர் இறங்கி வருவார், நேற்று வந்ததற்கு இறங்க மாட்டார். சில கடைகளின் சீட்டிலேயே சரக்கு வந்த தேதி இருக்கும். இல்லாவிட்டால் “இது வந்து எவ்வளவு நாளாகிறது?” என்று கேளுங்கள். பருவமும் கணக்கில் வரும். மான் வேட்டை தொடங்கப்போகும் இலையுதிர்காலத்தில் ரைஃபிளுக்கு ஆள் நிற்பார்கள். வேட்டை முடிந்த குளிர்காலக் கடைசியில் அதே ரைஃபிள் கேட்பாரற்றுக் கிடக்கும். அப்போது போனால் பேச்சு எளிது.

சந்தை விலையை நீங்களே கண்டறியுங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி மதிப்புக்கு ‘புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ என்ற கையேடு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடைக்காரரும் அதைப் பார்ப்பார். அதோடு கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களின் விலையைத் தேடுங்கள். கேட்கும் விலை விற்பவரின் ஆசையைச் சொல்லும், விற்ற விலைதான் சந்தையைச் சொல்லும். அதே மாடல், அதே தோட்டா அளவு, அதே நிலை என்று நான்கைந்து விற்பனைகளைக் குறித்துக்கொண்டு நடுவிலுள்ள தொகையை எடுங்கள்.

நிலையைச் சொல்ல தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர வரிசை உதவும். பழைய துப்பாக்கிக்கு அதில் நமக்கு முக்கியமானவை நான்கு. ‘எக்ஸலண்ட்’ என்றால் மிகக் குறைவாகப் பயன்பட்டது, மரத்திலும் உலோகத்திலும் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லை. ‘வெரி குட்’ என்றால் குறையில்லாமல் இயங்குகிறது, சிறு கீறல்கள் மட்டும் உண்டு, துரு அரிப்பு இல்லை. ‘குட்’ என்றால் பாதுகாப்பாக இயங்கும், உறுப்புகளில் சிறு தேய்மானம் உண்டு. ‘ஃபேர்’ என்றால் பாதுகாப்பாக இயங்கினாலும் நன்றாகத் தேய்ந்தது, சில சிறு பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம். கடைச் சீட்டில் ‘வெரி குட்’ என்று இருக்க, உங்கள் கண்ணுக்கு ‘குட்’ என்று தெரிந்தால் அந்த ஒரு படி பல பத்து டாலருக்குச் சமம்.

புதிய துப்பாக்கியின் இன்றைய விலையையும் பாருங்கள். அதே மாடல் புதிதாக, உத்தரவாதத்தோடு, ஐம்பது டாலர் கூடுதலில் கிடைக்கும் என்றால் பழையதை வாங்குவதில் பொருளில்லை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கடை ஊழியரிடம் துப்பாக்கி காலியாக இருப்பதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். குழல்முனை யாரையும் நோக்கக் கூடாது, விரல் விசையில் படக் கூடாது. விசையை இழுத்துப் பார்க்க வேண்டுமானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். விசைப்பூட்டு மாட்டியிருந்தால் கழற்றித் தரும்படி கேட்கலாம். இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் வாடிக்கையாளரைக் கடைக்காரரும் மதித்துப் பேசுவார்.

சின்ன டார்ச் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

குழல். திறந்து, ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனை வழியே பாருங்கள். ரைஃபிள் குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் துரு அரித்த குழிகள். வெறும் அழுக்கு கழுவினால் போகும், குழி போகாது. ஓரிடத்தில் வளையம் போல நிழல் தெரிந்தால் குழல் உள்ளே வீங்கியிருக்கலாம். அதை வாங்காதீர்கள்.

குழல்முனை. தோட்டா வெளியேறும் விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருந்தால் குறி தவறும்.

திருகுகள். திருகின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

மரம். பிடியின் கழுத்துப் பகுதியிலும், குழலைத் தாங்கும் உலோகத்துக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். அதிர்வு முழுவதும் அங்கேதான் இறங்கும்.

இரட்டைக் குழல் ஷாட்கன். மூடிய நிலையில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. மேலேயுள்ள திறப்பு நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நின்றால் பூட்டில் தேய்மானம் குறைவு. இடப்புறம் தாண்டியிருந்தால் நிறையச் சுட்டிருக்கிறார்கள்.

ரிவால்வர். சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா என்று எல்லா அறைகளுக்கும் பாருங்கள். உருளை முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தால் பழுதுபார்க்கும் செலவு காத்திருக்கிறது.

பாதுகாப்புப் பொத்தான் பிடிக்காத துப்பாக்கி, அறையில் விரிசலுள்ள துப்பாக்கி, வரிசை எண் சுரண்டப்பட்ட துப்பாக்கி ஆகியவற்றுக்குப் பேரமே கிடையாது. எத்தனை நூறு டாலர் குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் தெரிந்தால் விலை தெரியும்

கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் சில மாடல்களின் பின்கதை, பேரத்தின் போது பணமாகவே பயன்படும்.

வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் 1936இல் வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அதன் கட்டமைப்பை மாற்றினார்கள். அதனால் ‘1964க்கு முந்தையது’ என்ற சொல்லுக்கே தனி விலை. ஆனால் அப்படிப்பட்ட துப்பாக்கிக்குப் பின்னாளில் யாராவது புதிதாகப் பூச்சுப் போட்டிருந்தாலோ, தோள்படும் இடத்தில் மரத்தை அறுத்து ரப்பர் அட்டை பொருத்தியிருந்தாலோ, சேகரிப்பாளர் தொட மாட்டார். சுடுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சேகரிப்பாளர் ஒதுக்கும் குறை வேட்டைக்காரருக்கு லாபம். அதற்குச் சேகரிப்பு விலை போட்டிருந்தால் அதைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

மார்லின் நெம்புகோல் ரைஃபிள்களின் குழலில் ‘ஜேஎம்’ என்ற சிறு முத்திரை இருந்தால் அது பழைய மார்லின் ஆலையில் செய்த குழல். 2007இன் இறுதியில் ரெமிங்டன் மார்லினை வாங்க ஒப்பந்தம் செய்தது. அதன்பின் சில ஆண்டுகள் செய்த துப்பாக்கிகளின் தரம் பற்றி நிறையப் புகார்கள் எழுந்தன. 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. எந்தக் காலத்துத் துப்பாக்கி என்பதற்கேற்ப விலை மாறும்.

ரெமிங்டன் மாடல் 700 நல்ல ரைஃபிள், கடைகளில் ஏராளமாகக் கிடைக்கும். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த, எக்ஸ்-மார்க் புரோ விசையுள்ளவற்றை அந்த நிறுவனம் 2014இல் திரும்ப அழைத்தது. விசையை இழுக்காமலே வெடிக்கும் அபாயம் இருந்ததுதான் காரணம். விசை மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் புது விசையின் விலையையும் கூலியையும் கழித்துப் பேசுங்கள், மாற்றும்வரை சுடாதீர்கள்.

1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் பிரவுனிங் நிறுவனம் உப்பிட்டு உலர்த்திய வால்நட் மரத்தைச் சில துப்பாக்கிகளில் பயன்படுத்தியது. மரத்திலிருந்து கசிந்த உப்பு உலோகத்தை அரித்தது. வெளியே பளபளக்கும், மரத்தைக் கழற்றினால் துருவாக இருக்கும். அந்தக் காலத்து பிரவுனிங் என்றால் பின்தகட்டின் திருகையாவது கழற்றிப் பார்க்கக் கேளுங்கள்.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ராணுவ ரைஃபிளில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்து 8 லட்சத்துக்குக் கீழான வரிசை எண் உள்ளவை சூட்டுப் பதனிடும் முறையில் நேர்ந்த பிழையால் உடையக்கூடியவை. அவை சுவரில் மாட்ட மட்டுமே. டமாஸ்கஸ் முறையில் முறுக்கிச் செய்த குழலுள்ள பழைய ஷாட்கன்களில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

பேரம் பேசும் முறை

முதலில், விலையைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு என்று அறியுங்கள். கவுன்டரில் நிற்கும் இளைஞருக்குப் பெரும்பாலும் அது இருக்காது, துப்பாக்கிப் பிரிவு மேலாளருக்கு இருக்கும். சில கடைகள் பேரமே இல்லை என்று கொள்கையாக வைத்திருக்கும். அங்கே ஒருமுறை கேட்டு, இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கூட்டம் நெரியும் சனிக்கிழமையைவிட வாரநாள் காலையில் மேலாளர் நின்று பேசுவார்.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனால் சரக்கைப் பழித்துப் பேசாதீர்கள், இல்லாத குறையைக் கற்பிக்காதீர்கள். கண்ணால் கண்ட குறையையும், விற்ற விலைகளின் பட்டியலையும் முன்வைத்து, ஒரு குறிப்பிட்ட தொகையைச் சொல்லுங்கள். “கொஞ்சம் குறைக்க முடியுமா?” என்றால் பத்து டாலர் குறையும். “இந்த நிலையிலுள்ளவை இந்த விலைக்குப் போயிருக்கின்றன, இந்தத் தொகைக்குத் தந்தால் இப்போதே வாங்குகிறேன்” என்றால் மேலாளர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. .30-06 ரைஃபிள் ஒன்றுக்குத் தொலைநோக்கியோடு 649 டாலர் என்று சீட்டு. தொலைநோக்கி இல்லாத அதே மாடலின் விற்ற விலைகளில் நடுத்தொகை 540. பொருத்தியிருப்பது மலிவான தொலைநோக்கி, அதற்கு 40 சேர்க்கலாம். தோள் ரப்பர் கெட்டியாகிவிட்டது, மாற்ற 35 கழியும். வார் மாட்டும் வளையங்கள் இல்லை, 25 கழியும். நியாய விலை 520. நீங்கள் 490இல் தொடங்குங்கள். அவர் 560 என்பார். 530இல் படிந்தால் இருவருக்கும் நல்லது. விற்பனை வரி 8.25 சதவீதம் உள்ள டெக்சாஸ் நகரம் என்றால் மொத்தம் 573.73 டாலர். சீட்டு விலைக்கு வாங்கியிருந்தால் 702.54. கிட்டத்தட்ட 129 டாலர் மிச்சம். துப்பாக்கிப் பெட்டகத்துக்கு அது கணிசமாக உதவும்.

விலை இறங்காவிட்டால் வேறு வழியில் கேளுங்கள்: உறை, துடைக்கும் கருவிகள், ஒரு பெட்டி தோட்டா. உங்கள் பழைய துப்பாக்கியைக் கொடுத்துக் கழிப்பதானால் அந்தப் பேச்சைக் கடைசியில் வையுங்கள். இரண்டு விலைகளையும் ஒன்றாகக் கலந்தால் எங்கே இழந்தோம் என்றே தெரியாது. மனதில் வைத்த உச்ச விலையைத் தாண்டினால் நன்றி சொல்லி வெளியே வாருங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே துப்பாக்கி அங்கேயே இருக்கலாம்.

வேறு ஊர்க் கிளையிலுள்ள துப்பாக்கியை உங்கள் ஊர்க் கிளைக்கு வரவழைக்கும் வசதி சில சங்கிலிக் கடைகளில் உண்டு. அனுப்பும் கட்டணம் எவ்வளவு, நேரில் பார்த்துப் பிடிக்காவிட்டால் மறுக்கலாமா, முன்பணம் திரும்புமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேறு மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்கினால் கையோடு கொண்டுவர முடியாது. உங்கள் மாநிலத்து உரிமக் கடை வழியாகத்தான் வர வேண்டும்.

படிவமும் பரிசோதனையும்

விலை படிந்தபின் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் படித்து உண்மையைச் சொல்லுங்கள். போதைப்பொருள் பழக்கம் பற்றிய கேள்வியும் அதில் உண்டு. மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவமே எச்சரிக்கும். பின் கடைக்காரர் பின்னணிப் பரிசோதனைக்கு அனுப்புவார். 1998 நவம்பரில் தொடங்கிய கணினி முறை அது. பலருக்குச் சில நிமிடத்தில் அனுமதி வந்துவிடும். சிலருக்குத் ‘தாமதம்’ என்று வரும். பெயர் ஒற்றுமையால் இது நேரலாம், பதற வேண்டாம். மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. ஆனாலும் திட்டவட்டமான அனுமதி வரும்வரை காத்திருக்கும் கடைகள் உண்டு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. பழைய துப்பாக்கியைத் திருப்பி எடுப்பார்களா? பல கடைகள் எடுப்பதில்லை. அப்படியானால் உங்கள் பரிசோதனைதான் உங்களுக்குள்ள ஒரே உத்தரவாதம்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அறையின் அளவு சரியா, பூட்டு உறுதியா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டா அளவையும், தோட்டாப் பெட்டியில் அச்சிட்டதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வரிசை எண்ணையும் ரசீதையும் தனியே பத்திரப்படுத்துங்கள். திருடுபோனால் காவல்துறை முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டகம் முதலில், துப்பாக்கி பிறகு. பெட்டகத்துக்குப் பணம் போதவில்லை என்றால் துப்பாக்கி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். கடையில் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துப் பேசுங்கள், பாதுகாப்புக்கான செலவில் மட்டும் ஒரு டாலரும் குறைக்காதீர்கள்.